பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் எது?

கேள்வி:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் பினாங்கு சுங்கை டுவாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம்.-இல் முழுப் புள்ளியான 4.00 பெற்றிருக்கிறேன். மருத்துவம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் விருப்பப் பட்டியலைத் திருத்திக்கொள்ள இன்னும் சில நாள்களே இருக்கின்றன. முதலிடத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தைப் போடுவதா, யு.எஸ்.எம். எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைப் போடுவதா என்று வீட்டில் பேசிப் பேசி முடியவில்லை. உலகத் தரவரிசையில் மலாயா முன்னே நிற்கிறது என்கிறார்கள் என் ஆசிரியர்கள். "யு.எஸ்.எம். வாசலிலேயே இருக்கும்போது கோலாலம்பூருக்கு ஏன் போக வேண்டும்?" என்கிறார் அப்பா. அவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். அம்மாவுக்கு நான்கு ஆண்டுகளாக டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் நான்தான் அவரை மையத்துக்கு அழைத்துப் போகிறேன். ஒவ்வொரு இரவும் டயாலிசிஸுக்காக அம்மாவின் கையில் இரத்தக் குழாயில் செய்திருக்கும் இணைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவேன். தம்பிக்குப் பதினாறு வயது. சித்தி கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறார்; வார இறுதியில் வந்து தங்கிக்கொள் என்கிறார். எதை முதலில் போட வேண்டும்?

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் கேள்விக்கு விடை சொல்லும் முன்பாக உன் அப்பாவுக்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969இல் பினாங்கில் தொடங்கப்பட்டது என்பதும், பழைய பிரிட்டிஷ் இராணுவ முகாம் இருந்த மிண்டெனில், அதாவது உங்கள் வீட்டுக்கு அருகில், அதன் தலைமை வளாகம் இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அங்கே மருத்துவப் படிப்பு இல்லை. 1979இல் பினாங்கில் தொடங்கிய அதன் மருத்துவப் பள்ளி, 1980களில் கிளந்தானுக்குப் பெயர்ந்துவிட்டது. இன்று மருத்துவமும் பல் மருத்துவமும் கோத்தா பாருவை அடுத்த குபாங் கெரியானில் உள்ள சுகாதார வளாகத்தில் நடைபெறுகின்றன. பொறியியல்கூட தீவில் இல்லை, நிபோங் திபாலில் இருக்கிறது.

உன் அப்பா இதை அறியாமல் இருந்ததில் வியப்பில்லை. நான் பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு ஆலோசக ஆசிரியையாக இருந்த காலத்தில், மகளுக்கு யு.எஸ்.எம். மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் ஒரு தாயார் கேசரிக் கிண்ணத்தோடு என் அறைக்கு வந்தார். "பாலத்தைத் தாண்டினால் மிண்டென்தானே டீச்சர், மத்தியானச் சாப்பாட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்" என்றார். கடிதத்தில் வளாகத்தின் பெயருக்குக் கீழே அச்சாகியிருந்த ஊர்ப் பெயரை நான் விரல் வைத்துக் காட்டியபோது, அவர் கிண்ணத்தை மேசை மேல் வைத்துவிட்டு வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் போய்ப் படித்து நல்ல மருத்துவராகவும் ஆனாள். ஆயினும் பட்டியலை நிரப்பும்போதே தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி, இடம் கிடைத்த பிறகு அதிர்ச்சியாக வந்து சேரக் கூடாது என்பதில் அன்றிலிருந்து நான் கவனமாக இருக்கிறேன்.

ஆகவே உன் முன்னால் இருப்பது வீட்டுக்கு அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று என்ற தேர்வு அன்று. இரண்டுமே வீட்டை விட்டுப் போக வேண்டியவை. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் பினாங்கிலிருந்து கோலாலம்பூரும் கோத்தா பாருவும் ஏறத்தாழ ஒரே தூரம்தான்; ஆனால் பயணம் ஒரே மாதிரி இருக்காது. கோலாலம்பூருக்கு நெடுஞ்சாலை இருக்கிறது, பட்டர்வொர்த்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும் இ.டி.எஸ். ரயில் இருக்கிறது. குபாங் கெரியானுக்கு அப்படி நேரான ரயில் கிடையாது. சுங்கை நிபோங் நிலையத்தில் பேருந்து ஏறி, கிரிக்கிலிருந்து ஜெலி வரை மலைகளையும் காட்டையும் கடந்து செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியாக ஆறேழு மணி நேரம் போக வேண்டும். அந்தச் சாலையில் பனிமூட்டம் உண்டு, யானைகள் குறுக்கிடுவதும் உண்டு. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது கிளந்தானில் வெள்ளம் வரும். 2014 டிசம்பரில் வந்ததை உன் அப்பா மறந்திருக்க மாட்டார். பேருந்து ஓட்டுகிற அவருக்கு இந்தச் சாலையைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. அந்த வளாகம் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதை அவரே கணக்குப் போட்டுவிடுவார்.

அடுத்தது உன் ஆசிரியர்கள் சொல்லும் தரவரிசை. கியூ.எஸ். நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டுக்கான உலகப் பட்டியலில் மலாயா 60ஆம் இடத்திலும் யு.எஸ்.எம். 146ஆம் இடத்திலும் இருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அடங்கிய பட்டியலில் இரண்டுமே பெருமைக்குரிய இடங்கள்தாம். ஆனால் அந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் மதிப்பெண்ணின் 30 விழுக்காடு, உலகெங்கும் உள்ள கல்வியாளர்களிடம் எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது என்று கேட்டுப் பெறும் கருத்திலிருந்து வருகிறது. 15 விழுக்காடு முதலாளிகளின் கருத்து. 20 விழுக்காடு அங்குள்ள விரிவுரையாளர்களின் ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது, அவளுக்குப் பின்னால் நின்று கையைச் சரியான இடத்துக்கு நகர்த்திவிட ஒரு மருத்துவர் இருக்கிறாரா என்பதை அந்தப் பட்டியல் அளப்பதில்லை. ஆய்வுத் துறைக்குப் போகிறவருக்கோ, பட்டத்தை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை தேடுகிறவருக்கோ பல்கலைக்கழகத்தின் உலகப் பெயர் ஓரளவு உதவும். இந்நாட்டில் மருத்துவராகப் போகிற உனக்கு அதனால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு.

ஏனென்றால், இரண்டு பட்டங்களையும் மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்திருக்கிறது. மலாயா வழங்குவது எம்.பி.பி.எஸ்., யு.எஸ்.எம். வழங்குவது எம்.டி.; பெயர் வேறானாலும் இரண்டும் ஐந்தாண்டு அடிப்படை மருத்துவப் பட்டங்களே. படித்து முடித்த பிறகு இரு சாராரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே சம்பளத்தில், அரசு மருத்துவமனைகளில் ஹவுஸ்மன் என்னும் தொடக்கநிலை மருத்துவர் பயிற்சி செய்வார்கள். 2016 இறுதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஒப்பந்த நியமனமும், நிரந்தரப் பணி கிடைக்குமா என்ற கவலையும் இருவருக்கும் பொதுவானவை. 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளுக்கு வெளியே பதாகை ஏந்தி நின்றபோது, எந்தப் பல்கலைக்கழகம் என்று யாரும் பிரிந்து நிற்கவில்லை.

பிறகு எதில்தான் வேறுபாடு? யாரிடமிருந்து, எந்த நோயாளிகளின் படுக்கையருகில் நீ மருத்துவம் கற்கப் போகிறாய் என்பதில்தான்.

மலாயாவின் மருத்துவ மரபு, 1905இல் சிங்கப்பூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளி வரைக்கும் பின்னோக்கிச் செல்கிறது. 1962இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்கத் தொடங்கிய பிறகு, இங்கே மருத்துவப் புலத்தைக் கட்டியெழுப்பி அதன் முதல் தலைவராக இருந்தவர் நம்மவரான பேராசிரியர் டி. ஜே. தனராஜ். லெம்பா பந்தாயில் வளாகத்தை ஒட்டி நிற்கும் போதனா மருத்துவமனைக்குப் பிற மருத்துவமனைகளிலிருந்து சிக்கலான நோயாளிகளை அனுப்பி வைக்கிறார்கள். அரிய நோய்களையும் உயர்ந்த சிகிச்சை முறைகளையும் மாணவப் பருவத்திலேயே பார்க்க முடியும். கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்து மக்கள் வந்து போகும் இடமாகையால், ஒரே வார்டில் மலாய், தமிழ், சீனம் என எல்லா மொழிகளும் காதில் விழும். தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த பாட்டி ஒருவரின் நோய் வரலாற்றைத் தமிழிலேயே கேட்டு எழுதும் வாய்ப்பு நீ வார்டுக்குப் போகத் தொடங்கும்போதே உனக்குக் கிடைக்கும். அதே சமயம், பெரிய நகர மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கட்டிலைச் சுற்றி இளநிலை மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், சிறப்புத் துறை பயில்வோர் என்று பலர் நிற்பார்கள். முன்னே வந்து கேட்கும் மாணவிக்கே வாய்ப்பு அமையும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்.

யு.எஸ்.எம்.-இன் பெருமை வேறு வகையானது. ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதும் முறைக்கு மாற்றாக, ஒரு நோயாளியின் சிக்கலை முன்வைத்து உடற்கூற்றையும் உடலியக்கத்தையும் மருந்தையும் சேர்த்தே கற்கும் முறையை அது தொடக்க காலத்திலிருந்தே பின்பற்றி வருகிறது. மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களோடு பழகி, ஒரு வீட்டின் நோயை அந்த வீட்டின் கிணற்றோடும் சமையலோடும் வருமானத்தோடும் சேர்த்துப் பார்க்கப் பழகுகிறார்கள். இது மிகவும் மதிக்கத்தக்க பயிற்சி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அங்கே மொழி ஒரு தனிப் பாடமாகவே இருக்கும். பள்ளியில் மலாய் மொழியில் ஏ பெற்ற என் மாணவி ஒருத்தி, முதன்முதலாக ஒரு மூதாட்டியிடம் எங்கே வலிக்கிறது என்று பாடநூல் மலாயில் கேட்டாளாம். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டெமோ காத்தோ காப்போ?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். நீ என்ன சொன்னாய் என்பது அதன் பொருள். அவளுக்கு அவருடைய கேள்வியும் புரியவில்லை, அவருக்கு இவளுடைய கேள்வியும் புரியவில்லை. அன்றிரவே விடுதியில் கிளந்தான் தோழியிடம் உட்கார்ந்து, வலிக்கும் வீக்கத்துக்கும் தலைசுற்றலுக்கும் அவர்கள் சொல்லும் சொற்களை ஒரு சிறு நோட்டில் எழுதத் தொடங்கினாள். இரண்டாம் ஆண்டு முடியும்போது அந்த நோட்டை அவள் திறக்கவே தேவைப்படவில்லை. புதிய மக்களிடம் போய் அவர்கள் மொழியைக் கற்று அவர்களுக்கு மருத்துவம் பார்ப்பதில் உனக்கு உற்சாகம் உண்டானால், குபாங் கெரியான் உன்னைச் சிறந்த மருத்துவராக்கும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூ.பி.யூ. வழியாகப் போகும்போது இரண்டு இடங்களிலும் அரசு மானியத்தால் கட்டணம் குறைவு. தனியார் மருத்துவக் கல்லூரிகள் ஐந்தாண்டுக்குக் கேட்கும் மூன்று லட்சம் ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட தொகையோடு அதை ஒப்பிடவே முடியாது. கோலாலம்பூரில் சாப்பாட்டுச் செலவு கிளந்தானைவிடக் கூடுதலாகும். செந்தூல் சித்தி வீடு அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். அரசின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனுக்கு விண்ணப்பித்துவிடு. பினாங்கு இந்து அறப்பணி வாரியத்திலும் உயர்கல்வி உதவி பற்றி விசாரி, கேட்பதற்கு வெட்கப்படாதே.

இப்போது உன் கடிதத்தை நான் மூன்று முறை வாசிக்கக் காரணமாக இருந்த செய்திக்கு வருகிறேன். அதில் உன் அப்பா பேசுகிறார், ஆசிரியர்கள் பேசுகிறார்கள், சித்தி பேசுகிறார். நான்கு ஆண்டுகளாக நீ கைபிடித்து அழைத்துச் செல்லும் உன் அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. நீ அவரிடம் இன்னும் கேட்கவில்லை என்றே எண்ணுகிறேன். "நீ போகாதே" என்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சத்தைவிட, "நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் தனியே சிரமப்படுவாரோ என்ற அச்சம்தான் உனக்கு அதிகம் இருக்கும். இப்படிப்பட்ட வீடுகளில் மூத்த பெண்கள் தங்கள் படிப்பை வாய் திறவாமல் சுருக்கிக்கொண்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அம்மாக்கள் பல ஆண்டுகள் கழித்து என்னிடம் அழுததையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து பட்டியலைத் திருத்துவதற்கு முன் அம்மாவிடம் பேசு.

பேசும்போது, போகலாமா வேண்டாமா என்று மட்டும் கேட்காதே. திங்கள், புதன், வெள்ளி என்று அட்டவணையைத் தாளில் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுங்கள். அப்பாவின் பேருந்து நேரத்தை அவரால் மாற்றிக்கொள்ள முடியுமா, அம்மாவின் டயாலிசிஸ் நேரத்தை அதற்கேற்ப மாற்றித் தர மையம் ஒப்புக்கொள்ளுமா, நோயாளிகளை ஏற்றிச் செல்ல வேன் ஏதும் இருக்கிறதா என்று இந்த வாரமே போய்க் கேள். நான்கு மணி நேரமும் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டுமா, கொண்டுவிட்டு அழைத்துவந்தால் போதுமா என்று அங்குள்ள செவிலியரிடமே கேட்டுத் தெரிந்துகொள். மூன்று நாளுக்கும் பெயர் கிடைத்துவிட்டால் நீ மன அமைதியோடு போகலாம்.

எத்தனை முறை முயன்றும் ஒரு நாளுக்குப் பெயர் கிடைக்கவில்லை, நீ ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்றால், அப்போதும் உனக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நாட்டிலேயே முதன்முதலாக மருந்தகவியல் பட்டப் படிப்பைத் தொடங்கியது யு.எஸ்.எம்.தான், அது மிண்டெனில்தான், உன் அப்பா சொல்லும் அதே வாசலுக்குள்தான் நடைபெறுகிறது. மருத்துவம் கிடைக்காதவர்களுக்கு ஆறுதல் பரிசு என்று அதை நினைத்துப் போகாதே. அந்த வேலையில் இருப்பவர்கள் நாள் முழுதும் என்ன செய்கிறார்கள் என்று அம்மா மருந்து வாங்கும் இடத்தில் ஒரு முறை நின்று பார். அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால் மட்டும் அதை மேலே கொண்டு வா.

அம்மாவுக்கான ஏற்பாடு ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு என் முடிவைச் சொல்கிறேன். முதலிடத்தில் மலாயாவைப் போடு. 60, 146 என்ற எண்களுக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தம்பி தொலைபேசியில் சொன்னால், அன்றிரவே நீ ரயிலில் வந்து சேரக்கூடிய இடம் அது. சோர்ந்து போகிற வாரங்களில் உட்கார்ந்து பேச ஒரு சித்தி இருக்கும் ஊரும் அது. இதே காரணத்தை வைத்துப் பார்த்தால், இரண்டாம் இடம் யு.எஸ்.எம்.-க்குக்கூட உரியதாகாது. தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலமும் மருத்துவமனையும் கோலாலம்பூரிலேயே, செராசில் இருக்கின்றன. அதை இரண்டாவதாகவும், செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தை மூன்றாவதாகவும், யு.எஸ்.எம்.-ஐ நான்காவதாகவும் போடு. உங்கள் வீட்டுப் பேச்சு இரண்டு பெயர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததால் மற்றவை கண்ணில் படாமல் போயிருக்கின்றன. வீட்டில் இப்படி ஒரு கவலை இல்லாத மாணவி ஒருத்தி இதே கேள்வியைக் கேட்டிருந்தால், யு.எஸ்.எம்.-ஐ நான்காம் இடத்துக்கு இறக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

பட்டியலில் பன்னிரண்டு இடங்கள் வரை நிரப்பலாம். ஒன்றையும் வெறுமையாக விடாதே. 4.00 பெற்றவர்கள் நிறையப் பேர் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியது. தேர்வுப் புள்ளி சமமாக இருக்கும்போது அந்தப் பத்துதான் வேறுபாட்டை உண்டாக்கும். உன் புறப்பாட மதிப்பெண்ணை நீ எழுதவில்லை. அது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பள்ளியில் போய்ச் சரிபார். மருத்துவத்துக்கு நேர்காணல் உண்டு. அழைப்பு வந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே இரு, எந்த ஊரில் வைத்தாலும் போய்விடு. ஏன் மருத்துவம் என்று நிச்சயம் கேட்பார்கள். மனித குலத்துக்குத் தொண்டு செய்யும் ஆசை என்று மனப்பாடமாகச் சொல்லாதே. இரவில் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்ப்பதை எனக்கு எழுதியிருக்கிறாயே, அதைச் சொல். அந்த இணைப்பில் விரல் வைத்தால் ஓர் அதிர்வு தெரிய வேண்டும் என்பதும், தெரியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொண்ட விதத்தை உன் சொந்தச் சொற்களில் சொல்.

இன்றிரவு தூங்கப் போகும் முன் தம்பியையும் பக்கத்தில் உட்கார வை. அவன் விரலை எடுத்து அம்மாவின் கையில் அந்த இடத்தில் வைத்து, அந்த அதிர்வை அவனுக்கும் அடையாளம் காட்டிக் கொடு.